ஒரு நாட்டில் ஆம்

வெள்ளவத்தை. இரவு ஒன்பதே முக்கால்.
பாதி ஷட்டர் இறக்கிய பார்மசிக்குள்
குனிந்து வந்தாள் ஜெசிந்தா பர்னாந்து, தூத்துக்குடிக்காரி.
புறக்கோட்டைக்கு வெங்காயக் கணக்குத் தீர்க்க வந்த அப்பாவுக்கு
லாட்ஜில் காய்ச்சல்.
எத்தனை நாள், நடுக்கம் உண்டா,
கண்ணுக்குப் பின்னால் நோகுதா என்று கேட்டேன்.
"வலிக்குதாம்" என்றவள்
மாத்திரையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.
"நீங்க டாக்டரா?"
"ஒரு நாட்டில் ஆம்."

மறுநாள் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள்.
தட்டணுக்கள் பரவாயில்லை.
அடியில் இன்னொரு தாள், பளபளப்பாய்:
பனிக்குள் ஒரு மஞ்சள் கட்டடம்,
வாசலில் வெள்ளைக் கோட்டோடு ஆறு பேர்,
ஆறு பேருக்கும் ஒரே சிரிப்பு.
வெள்ளிக்கிழமைக்குள் முன்பணமாம்.

ஜெசிந்தா,
அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நானும் படம் எடுத்திருக்கிறேன்.
அது தபால் கந்தோர்.

கட்டணத்தை முதலில் கேளாதே.
அங்கே படித்துத் திரும்பியவர்களில்
எத்தனை பேர் உன் ஊர்ப் பரீட்சை எழுதினார்கள்,
எத்தனை பேர் தேறினார்கள், அதைக் கேள்.
ஏஜென்ட் தண்ணீர் குடித்தால் எழுந்து வா.
ஐம்பத்து நான்கு மாதம் குறையாத படிப்பா,
பயிற்சி வருஷம் அதே இடத்திலா,
அந்தப் பட்டத்தோடு அந்த நாட்டிலேயே
ஊசி போட விடுவார்களா,
உன் மருத்துவ ஆணையத்தின் விதியில் பார்,
அவன் வாயில் பாராதே.
விதி மாறும். விமானச் சீட்டு எடுக்குமுன் மறுபடி பார்.
"நீட் தேவையில்லை" என்பவனிடம்
உன் பெயரைக்கூடச் சொல்லாதே.

காசைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே கட்டு.
டொலர் ஏறினால் நாலாம் வருஷம் என்ன செய்வாய் என்று
வெங்காயக் கணக்கின் ஓரத்தில் போட்டுப் பார்.
நான் நூற்று எண்பதில் போனேன்,
முன்னூற்று அறுபதில் நாலாம் வருஷம் கட்டினேன்.
அக்காவின் வளையல்கள் செட்டியார் தெருவுக்குப்
போனது போனதுதான்.
அவள் இன்னும் என்னோடு
நேராய்க் கதைப்பதில்லை.

இது எந்தத் தாளிலும் இல்லை:
மூன்றாம் வருஷம் வார்டுக்குள் விட்டார்கள்.
பாடம் ஆங்கிலம். நோயாளி ஆங்கிலம் இல்லை.
ஒரு கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
"பலீத், பலீத்" என்றார்.
தலையாட்டியபடி குறிப்பெடுத்தேன்,
பேராசிரியர் சொன்னதை.
மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர்.
அவர் எங்கே போனார் என்று கேட்க
என்னிடம் வினைச்சொல் இல்லை.

போவதென்றால், போகுமுன்
அந்த ஊர்க்காரர் வலியை எப்படிச் சொல்வார்கள் என்று படி.
எரியுது வேறு, குத்துது வேறு,
இழுக்குது வேறு, விறைக்குது வேறு.
இந்தக் கவுண்டரில் "ரிதெனவா" என்று கை நீட்டுகிறார்கள்.
எனக்கு வலி மூன்று மொழியில் தெரியும்,
தமிழில் மட்டும் இரண்டு தரம்.
பரீட்சையும் இரண்டு தரம் எழுதிவிட்டேன்.
மூன்றாவதுக்கான புத்தகம்
இருமல் பாணிப் போத்தல்களுக்குப் பின்னால் இருக்கிறது.
ஆட்கள் இல்லாத நேரம் எடுப்பேன்.
ஆட்கள் இல்லாத நேரம் குறைவு.

"அக்கா, போகவா, வேண்டாமா?"

கரையோர ரயில் ஒன்று மெரின் டிரைவ் பக்கம் இரைந்தது.
அது கடக்கும்வரை இருவரும் பேசவில்லை.
"அதைச் சொல்ல எனக்கு லைசென்ஸ் இல்லை" என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அவளோ தாளைக் குப்புறப் போட்டு
வெள்ளைப் பக்கத்தில் என் கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தாள்,
இலக்கம் போடாமல், ஒன்றின் மேல் ஒன்றாய்.
தபால் கந்தோர் கண்ணாடி மேசையில் முகம் புதைத்துக் கிடந்தது.

போகும்போது கூப்பிட்டுச் சொன்னேன்:
அப்பாவுக்கு நாளைக்கும் இரத்தம் பாருங்கள்.
மூன்றாம் நாள்வரை டெங்கு ஒளிந்திருக்கும்.
அஸ்பிரின் வேண்டாம்.
நிறையக் குடிக்கக் கொடு.